இன்னொரு தம்ளர்

தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. நிறம்தான் மாறவில்லை.

கிரேன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு கரண்டி போட்டு, போதாதென்று இன்னொரு கரண்டியும் போட்டாயிற்று. கறுப்புக் கறுப்பாக மணிகள் மேலே ஏறின, உருண்டன, கீழே இறங்கின. தண்ணீர் மட்டும் குழாயில் பிடித்தபோது இருந்த அதே முகத்தோடு இருந்தது.

"என்னடா டீத்தூள் இது?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் விட்டார். மருந்துக்கடை வாசலில் நிற்கிற மாதிரி ஒரு காட்டம். டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே தேயிலை என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பச்சை இலைப் படம் வேறு. உள்ளே இருந்தது கருஞ்சீரகம்.

அவர் மேல் தப்பில்லை. பாதி ஆயுளைக் கிடங்கில் மூட்டை தூக்கியே கழித்தவர். அங்கே ஒரே சட்டம்தான்: மூட்டை மேல் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் சரக்கு. பிரித்துப் பார்க்கிறவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. அவர் வீட்டுச் சமையலறையிலோ ஒரு டப்பாவும் தன் பெயருக்கு உண்மையாக இல்லை. ஊறுகாய் ஜாடியில் சர்க்கரை. பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல். பவுடர் டப்பாவில் மிளகு. எதில் எது என்பது அவர் மனைவியின் தலைக்குள் மட்டும் இருந்தது. அந்தத் தலை இப்போது ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தது.

"ஆள் வரலைங்க, என்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. சீக்கிரமா ஓடி வரப் பாக்குறேன். அதுக்குள்ள அவர் வந்துட்டா நீங்களே போட்டுடுங்க. கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் ஏலக்காய், கொஞ்சமா பட்டை, கிராம்பு ரெண்டே ரெண்டு. பயப்படாதீங்க," என்று அவள் குரல் போனில் வந்திருந்தது. அதற்கப்புறம் போன் வாசல் கூடைக்குள் போய்விட்டது. வேலை நேரத்தில் அங்கே யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது.

பயப்படாதீங்க என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்குப் பயமே வந்தது.

சூப்பர்வைசர் டீ குடிக்க வீட்டுக்கு வருகிறார். சும்மா குடித்துவிட்டுப் போக அல்ல. குடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஆளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண.

கிரேன் என்பது யார்டில் வைத்த பெயர். ஒரு காலத்தில் தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு பலகையில் ஓடுவார். இப்போது காலையில் செருப்பை மாட்டிவிட மனைவி குனிய வேண்டும். முதுகெலும்பில் ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது. "இனிமே ஒரு குடம் தண்ணிக்கு மேல எதையும் தூக்கக் கூடாது," என்றார் டாக்டர். "வேலையே தூக்குறதுதானே டாக்டர்," என்றார் இவர். அதற்கும் சேர்த்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தூக்க முடியாதவனுக்கு யார்டில் இடமில்லை. ஆனால் கம்பெனியில் ஒரு இடம் காலியாக இருந்தது. பேக்கிங் ஷெட்டுக்குப் பக்கத்து டீ ரூம். அங்கே இருந்த டீக்காரரைப் போன மாதம் அனுப்பிவிட்டார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களில் ஒருவரைத்தான் போடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். தூக்குகிற கனமென்று பார்த்தால் அங்கே ஒரு கெட்டில்தான்.

"அந்த ஆளை டீக்காகத்தான் தூக்கிட்டாங்களாம்," என்று செய்தி கொண்டுவந்தவன் ரேடியோ. கூட மூட்டை தூக்குகிறவன். தோளில் மூட்டை இருக்கும்போதும் அவன் வாய் ஓடும். "டீக்காக ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்புறாங்கன்னா அது எவ்வளவு கேவலமா இருந்திருக்கணும், யோசிச்சுப் பாரு!"

யார்டு ஆட்களுக்கு அந்த டீயின் ருசி தெரியாது. அது ஷெட்டுக்கு மட்டும். இவர்கள் பிளாஸ்க்கில் கொண்டுவந்து குடிப்பவர்கள். கிரேனின் பிளாஸ்க் திறந்தால் சுற்றி ஆறேழு தலை கூடிவிடும். ரேடியோ சும்மா இருப்பானா? சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டான்.

"சார், டீ ரூமுக்கு ஆள் வேணும்னீங்களே, இதோ நிக்கிறாரு. இவர் பிளாஸ்க்கைத் திறந்தா, கிளம்பின லாரியே நின்னுடும் சார்!"

சூப்பர்வைசர் நெற்றியைச் சுருக்கினார். "அவ்வளவு நல்லா இருக்குமா? யார் போடுறது?"

என் பொண்டாட்டி என்று சொல்லத்தான் கிரேன் வாயைத் திறந்தார். அதற்குள் இடுப்பு பதில் சொல்லிவிட்டது.

"நான்தான் சார்."

"குடிச்சுப் பார்க்காம எடுக்க மாட்டேன். போன ஆளால நான் மேல வாங்கின பேச்சு போதும். ஷெட்டுல இப்ப அடுப்பும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுப் பக்கம் வேலை இருக்கு. வர்றேன்," என்றார் சூப்பர்வைசர்.

அன்றைக்கு வீட்டில் நடந்தது சின்னப் பேச்சுவார்த்தை.

"நீங்க டீ போடுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி. "அடுப்பை எந்தப் பக்கம் திருகணும்னு தெரியுமா?"

"தப்பாத் திருகினா பத்தாது. சரியாத் திருகினா பத்தும். இதுல என்ன இருக்கு?"

"தெய்வமே," என்றாள். ஆனால் அவள்தான் தினமும் அவர் முதுகில் தைலம் தேய்க்கிறவள். "சனிக்கிழமை நான் போட்டு வச்சுடுறேன், நீங்க ஊத்திக் குடுங்க," என்று முடித்துவிட்டாள்.

கருஞ்சீரகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிரேன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். ஆறாவது தும்மலுக்கு அப்புறம் ஜாம் புட்டியில் டீத்தூள் கிடைத்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாலை அடுப்பில் வைத்தார். அடுத்தது இஞ்சி. கொஞ்சம் இஞ்சி.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஐம்பது கிலோவுக்குக் கீழே எதையும் எடை என்றே நினைக்காத கைக்கு இந்தக் கொஞ்சம் பிடிபடவில்லை. ஒரு முழு விரல் நீளம் எடுத்தார். நசுக்கக் குழவி தேடினார், அகப்படவில்லை. துணியில் சுற்றி, கதவோரம் கிடந்த சுத்தியலால் நாலு போடு போட்டார்.

மேல்மாடியில் தையல்காரம்மாவின் மிஷின் நின்றது.

"தம்பி! செவுத்துல ஆணியா அடிக்கிறீங்க?"

"இல்லக்கா! டீ போடுறேன்!"

மிஷின் கொஞ்ச நேரம் ஓடவே இல்லை.

நசுங்கிய இஞ்சியை அப்படியே பாலில் போட்டார். பால் பொங்கும் என்று கரண்டியோடு காத்திருந்தார். பால் பொங்கவில்லை. முதலில் சுருங்கியது. பிறகு யோசித்தது. பிறகு அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிற மாதிரி தண்ணீர் ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கம் என்று சத்தமில்லாமல் பிரிந்துவிட்டது.

ரேடியோவைக் கூப்பிட்டார்.

"பால் திரிஞ்சு போச்சுடா!"

"வடிகட்டு," என்றான் ரேடியோ யோசிக்காமல். "வெள்ளையா எது வருதோ அது பால்."

வடிகட்டினார். வந்தது வெள்ளையாக இல்லை. பாசி பிடித்த தொட்டியைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது.

"பச்சையா வருதுடா."

"அப்ப வேற பால் வாங்கு. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?"

தெருமுனைக் கடைவரை போய்த் திரும்புகிற நிலையில் அவர் முதுகு இல்லை. மாடிப்படி பக்கத்தில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறினார்.

தையல்காரம்மா மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசுகிறவள். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

"பாலா? இருக்கு. எதுக்கு?"

"டீக்குத்தான்கா. சூப்பர்வைசர் வர்றாரு. வேலை விஷயமா."

"இஞ்சியை எதுல போட்டீங்க?"

"பால்ல."

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பெரிய விஷயம் பேசுவதற்கு முன் அப்படித்தான் செய்வாள். "பச்சைப் பால்ல பச்சை இஞ்சியைப் போட்டா திரியாம, பாட்டா பாடும்? தண்ணியில போட்டுக் கொதிக்க விடணும் தம்பி. அப்புறம்தான் பால். இந்தாங்க. இவ்வளவுதான் இருக்கு. பாத்திரத்தை நானே வந்து வாங்கிக்கிறேன், நீங்க ஏற வேணாம்."

இந்தத் தடவை கிரேன் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். தண்ணீர். இஞ்சி. ஜாம் புட்டித் தூள். நிறம் வந்தது. கண்ணில் தண்ணீர் வராத குறை. இனி கிராம்பு, ரெண்டே ரெண்டு.

அந்த விரல்களில் சணலும் கொக்கியும் போட்ட காய்ப்பு. கிராம்பு இருப்பதே விரலுக்குத் தெரியவில்லை. பொட்டலத்தைப் பாத்திரத்துக்கு மேலே சாய்த்துத் தட்டினார். ஒன்று விழுந்தது. இன்னும் கொஞ்சம் தட்டினார். மிச்சம் எல்லாம் ஒன்றாக விழுந்தன.

கரண்டியால் துழாவினார். மூன்று கிடைத்தன. மற்றவை திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளைகள் மாதிரி போன இடம் தெரியவில்லை. பாலை ஊற்றிவிட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நாக்கு மரத்துப் போயிற்று. பல் பிடுங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி கீழுதடு தொங்கியது.

சர்க்கரை போட்டால் சரியாகும் என்று ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தார். தித்திப்பு ஏறியது. தித்திப்பைக் குறைக்கத் தூள் போட்டார். கசந்தது. கசப்பை மறைக்கப் பட்டையில் ஒரு பெரிய சுருளை முறிக்காமலே போட்டார். ஏலக்காயை எடுக்கத் திரும்பிய நேரத்தில் அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. திரும்பவும் பற்ற வைத்தார். அடி பிடித்தது.

தச்சுப் பட்டறையில் தீப்பிடித்த மாதிரி ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது. நிறம், மழை நாளில் லாரிச் சக்கரம் தெறிக்கிற தண்ணீரின் நிறம்.

பாலைக் கொட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. திரிந்ததும் ஒரு கிண்ணத்தில்தான் இருந்தது. கருகிய டீயையும் வடிகட்டி பிளாஸ்க்கில் ஊற்றி, இறுக்கி மூடி, அலமாரியில் வைத்தார். வைக்கும்போது கையிலிருந்த ஏலக்காய் ஒன்று கீழே விழுந்தது.

ஒரே ஒரு ஏலக்காய். யோசிக்காமல் குனிந்தார்.

குனிந்தது வரை சரி. நிமிர முடியவில்லை.

இடுப்பில் யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது. கண்ணுக்கு நேரே தரை, அதில் அந்த ஏலக்காய். கை எட்டவும் இல்லை. அப்போது தெருவில் கம்பெனி வேனின் ஹார்ன் கேட்டது.

கிரேனுக்கு வேர்த்துவிட்டது. முதுகு கொஞ்சம் சரியில்லை என்பது கம்பெனிக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. தெரிந்தால் டீ ரூமும் வேண்டாம், வீட்டிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று கையில் ஏதாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிற்கவே முடியாதவனை எந்த அடுப்பு முன்னால் நிறுத்துவார்கள்?

"தம்பி, பாத்திரம்..." என்று உள்ளே வந்த தையல்காரம்மா நின்றாள். "என்ன தேடுறீங்க?"

"நிமிர முடியலக்கா."

"ஐயோ! எவ்வளவு நேரமா?"

"அக்கா, வேன் வந்துடுச்சு."

அவள் கேள்வி கேட்டு நேரத்தைப் போக்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு நுனியையும் பின்னால் சேர்த்துப் பிடித்தாள். "மூச்சை விடுங்க. விட்டாச்சா?" ஒரே இழு. எங்கேயோ படக் என்றது. கிரேன் நிமிர்ந்துவிட்டார்.

"அப்படியே நில்லுங்க. இடுப்பைத் திருப்பாதீங்க. எந்தப் பக்கம் பார்க்கணும்னாலும் காலோட சேர்த்து மொத்தமாத் திரும்புங்க."

"அவர் வந்துட்டா என்ன சொல்றதுக்கா?"

"வரட்டும். படியிலயே நிறுத்துறேன்," என்று வெளியே போனாள்.

போன கையோடு அவள் குரல் கேட்டது. "சார், தப்பா நினைக்காதீங்க, இந்தச் சட்டையை யார் தைச்சது? வலது தோள் இறங்கியிருக்கு பாருங்க. ஐயையோ, இப்படியேவா ஊர் பூரா போயிட்டு வர்றீங்க? கொஞ்சம் திரும்புங்க..."

"இல்லம்மா, நான் கிரேன் வீட்டுக்கு..."

"அவர் எங்கயும் போக மாட்டார் சார். கையைத் தூக்குங்க."

அந்த நேரத்தில் பின்கதவு திறந்தது. மனைவி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, கையில் சின்ன பால் பாக்கெட்டோடு நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். கிண்ணத்தைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க இது? டீ போடச் சொன்னா வீடு கட்டிட்டு இருந்தீங்களா?"

"படியில நிக்கிறார்."

"நகருங்க."

அவர் நகர்ந்தார், காலோடு சேர்த்து மொத்தமாக. அவள் பாத்திரத்தைத் தேய்த்து முடிப்பதற்குள் சூப்பர்வைசர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்துவிட்டார். தோளில் தையல்காரம்மாவின் குண்டூசி ஒன்று மின்னியது. அவள் பின்னாலேயே வந்து, இதுக்கு மேல நிறுத்த முடியல தம்பி என்பது போல் கிரேனைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"வாங்க சார், உக்காருங்க. இதோ ஒரு நிமிஷத்துல டீ..." என்று மனைவி கரண்டியை எடுத்தாள்.

"நீங்க இருங்கம்மா," என்றார் சூப்பர்வைசர். நாற்காலியை அடுப்பு தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "அவர் போடட்டும். நான் இங்கேயிருந்தே பார்க்கிறேன்."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைதான். அதுவும் கட்டிவைத்திருந்தது. கிரேன் அடுப்புக்கு முன்னால் தூண் மாதிரி நின்றார். மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தாள். மணி அடித்ததாக யாருக்கும் கேட்கவில்லை.

"சொல்லுடி," என்றாள் சத்தமாக. "டீயா? அதான் அன்னைக்கே சொன்னேனே. சரி, கேட்டுக்க. முதல்ல தண்ணி வை. ரெண்டு தம்ளர்."

கிரேன் தண்ணீர் வைத்தார்.

"இஞ்சியைத் தோல் சீவு. இவ்வளவு இல்லடி, பாதி! பாதின்னா பாதி. கையை எடு அதுல இருந்து."

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா?"

"என் தங்கச்சி சார். டீ போடவே தெரியாது. எல்லாம் இவர்கிட்ட நான் கத்துக்கிட்டதுதான், அவளுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்," என்றவள் போனை வேறு காதுக்கு மாற்றினாள். "அடுப்பைக் குறைடி! குறைங்கறேன்ல, காது என்ன அவிஞ்சா போச்சு?"

கிரேன் குறைத்தார்.

"ஏலக்காய் மூணு. தட்டிப் போடு. சுத்தியலைத் தொட்டே, நான் அங்க வந்துடுவேன். கிராம்பு ரெண்டு. பொட்டலத்தோட கவிழ்க்காதே, எருமை!"

இல்லாத தங்கைக்கு விழுந்த திட்டையெல்லாம் கிரேன் நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல கை போனது. தூள். ஒரு கொதி. பால். பொங்கி வரும்போது தூக்கு, இறங்கினதும் வை, திரும்பவும் தூக்கு. கருகல் வாசனையைப் பிளந்துகொண்டு, தினமும் பிளாஸ்க்கிலிருந்து வருமே, அந்த வாசனை எழுந்தது.

"தங்கச்சி தேறிட்டா போலிருக்கே," என்றார் சூப்பர்வைசர்.

"ஏதோ சார். இன்னைக்குத்தான் ஒரு வழிக்கு வந்திருக்கா."

கிரேன் டீயை ஆற்றி இரண்டு தம்ளரில் ஊற்றினார். அவ்வளவுதான் வந்தது.

"வெளியில டிரைவர் இருக்கார். அவருக்கும் ஒரு வாய்..." என்று சூப்பர்வைசர் சொல்லி முடிப்பதற்குள், "நான் குடுக்கிறேன் சார்," என்றாள் தையல்காரம்மா. நல்ல மனசுக்காரி. இரண்டு தம்ளரையும் சூப்பர்வைசருக்கே விட்டுவிட்டு, அலமாரியிலிருந்த பிளாஸ்க்கைத் திறந்தாள். ஒரு தம்ளர் நிறைய ஊற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அக்கா, அது..." என்று கிரேன் திரும்பினார். காலோடு மொத்தமாகத் திரும்பி முடிப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

போச்சு. டிரைவர் ஒரு வாய் குடிப்பார். துப்புவார். உள்ளே வந்து, சார், இதைக் குடிச்சுடாதீங்க என்பார். கிரேன் ஒரு கண்ணை வாசலிலும் ஒரு கண்ணை சூப்பர்வைசர் வாயிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

சூப்பர்வைசர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். தம்ளர் காலியாயிற்று. வைத்தபோது ஒரு பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார். துக்கம் விசாரிக்கிற குரல்.

"சந்தோஷம் சார்."

"எப்பவுமே இப்படித்தான் வருமா? ஒரு நாள் முன்னே பின்னே?"

"வராது சார். எந்நாளும் இதே ருசிதான்!"

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "இதைக் குடிச்சுட்டு ஆளுங்க என்ன பண்ணுவாங்க? உடனே எழுந்து போயிடுவாங்களா?"

இது பரீட்சைக் கேள்வி என்று கிரேனுக்குப் புரிந்தது. விடவில்லை. "எங்க சார் போவாங்க! இன்னொரு தம்ளர் கேக்காம நகர மாட்டாங்க. லாரி நின்னுக்கிட்டே இருக்கும், ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருப்பான், நம்ம ஆளுங்க காதுலயே போட்டுக்க மாட்டாங்க!"

"கூட நாலு கதையும் பேசுவாங்களாம் சார்," என்று மனைவியும் தன் பங்குக்குப் போட்டாள்.

"பேசுவாங்க, பேசுவாங்க," என்றார் சூப்பர்வைசர் மெதுவாக. அவர் கை தானாக இரண்டாவது தம்ளரை எடுத்திருந்தது. குடித்துக்கொண்டே தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். வீட்டு மோட்டார் ரிப்பேரானதைப் பற்றிப் பேசினார். திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்ட மாதிரி எழுந்தார்.

"பாத்தீங்களா! நானே இவ்வளவு நேரம் உக்காந்துட்டேன்!"

"அதனால என்ன சார், நம்ம வீடுதானே."

சூப்பர்வைசர் கிரேனின் தோளில் கை வைத்தார். "சொல்லி அனுப்புறேன். உடம்பைப் பாத்துக்குங்க," என்றார். போனில் யாரையோ கூப்பிட்டபடி, வேனுக்குக் காத்திருக்காமல் தெருமுனையைப் பார்த்து நடந்தார். சந்து குறுகல். வேனைப் பின்னாலேயே எடுத்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும்.

மனைவி கதவோரம் நின்று இரண்டு தம்ளரையும் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. "ரெண்டாவதையும் குடிச்சுட்டாருங்க! இனிமே உங்களை யாரு விடப்போறா? திங்கட்கிழமையில இருந்து மூட்டையைத் தொட வேணாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எருமைன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"தங்கச்சியைத்தானே சொன்னே," என்றார் கிரேன்.

அப்போது டிரைவர் படியேறி வந்தார். கையில் தம்ளர். முக்கால்வாசி அப்படியே இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. உதட்டைத் தடவித் தடவி, அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

கிரேன் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, மன்னிச்சுக்குங்க. தெரியாம குடுத்துட்டாங்க. சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லணும்?" மரத்த நாக்கில் வார்த்தைகள் வழுக்கின. டிரைவர் முகத்தில் கோபமே இல்லை, பெரிய சந்தோஷம்தான் இருந்தது. "உள்ள சாரும் இதைத்தானே குடிச்சார்?"

"சேச்சே! அவருக்கு இதைக் குடுப்போமா? அவருக்கு நல்ல டீ. ரெண்டு தம்ளர் குடிச்சார்."

டிரைவர் படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கெடுத்தீங்களேண்ணே! போன ஆள் போட்ட டீயை விட்டுட்டு ஷெட்டுல ஒருத்தனும் வேலைக்கு எழுந்திருக்கலைன்னுதானே அவரை அனுப்பினாங்க. ஒரு வாய்க்கு மேல எவனாலயும் குடிக்க முடியாத, இதோ இந்த மாதிரி டீ போடுற ஆளைத்தானே சார் வீடு வீடாப் போய்த் தேடிக்கிட்டு இருக்கார்!"